கோழிக்குக் கணக்கு உண்டு, கூத்துக்காரனுக்கு இல்லையா?

சங்கராபுரம் பக்கத்துத் தெருக்கூத்து ஜமா ஒன்றைச் சேர்ந்த நான்கு பேர் அண்மையில் நமது ஆபீசுக்கு வந்தார்கள். இருவர் கரும்பு வெட்டும் ஆட்கள். ஒருவர் சின்னசேலத்து ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறவர். நாலாமவர் ஜமாவின் வாத்தியார். வயது அறுபதைத் தாண்டியவர்.

"கொரோனாவில் ரெண்டு வருஷக் கூத்து போச்சு. அப்புறம் 2024 புயல் மழையில் வேஷப் பெட்டியும் நனைஞ்சுபோச்சு. கிரீடம், புஜக்கட்டை எல்லாம் ஊறிப் பிளந்துபோச்சு. மிருதங்கத்துத் தோல் போச்சு. சர்க்காருக்கு ஒரு நிவாரண மனு எழுதித் தாங்க, தோழர்" என்றார் வாத்தியார்.

நாம் எழுத உட்கார்ந்தோம். இருபது வருஷமாக மனு எழுதி வருகிற கை இது. பட்டா மனு, கூலி மனு, ரேஷன் கார்டு மனு, சுடுகாட்டுப் பாதை மனு என்று எத்தனையோ எழுதியாயிற்று. ஆனால் இந்த மனுவை எழுதப் புகுந்தபோது பேனாவைக் கீழே வைக்க நேர்ந்தது. எந்தச் சட்டத்தின்கீழ் கேட்பது? எந்தப் பத்தியில் நிரப்புவது? சர்க்காரின் நிவாரணப் பட்டியலில் இவர்கள் தொழிலுக்கு ஒரு வரிகூட இல்லையே!

இந்த ஒரு வரி ஏன் இல்லை, அதை எப்படி எழுத வைப்பது என்பதைத்தான் இங்கே பேசப் போகிறோம். இது கூத்துக்காரர் சமாச்சாரம், நமக்கென்ன என்று ஆலைத் தொழிலாளியோ விவசாயத் தொழிலாளியோ பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கூத்தாடுகிறவன் யார்? பகலில் உங்களோடு அண்டை கட்டுகிறவன்தான். உங்களோடு மூட்டை தூக்குகிறவன்தான்.

பட்டியலில் எல்லாம் உண்டு

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. டிசம்பர் முதல் வாரத்தில் மாநில சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. குடும்பக் கார்டுக்கு 2,000 ரூபாய். குடிசை இழந்தால் 10,000. நெற்பயிர் ஹெக்டேருக்கு 17,000. மாடு செத்தால் 37,500. ஆடு செத்தால் 4,000. கோழி செத்தால் 100.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் கொடுத்ததை நாம் குறை சொல்லவில்லை. கொடுத்தே தீர வேண்டும், கொடுத்ததும் போதாது. நாம் கேட்பது வேறு. கோழியைத் தனியாக எண்ணத் தெரிந்த சர்க்காருக்கு, ஒரு ஜமாவின் வேஷப் பெட்டியை எண்ணத் தெரியாமல் போனது எப்படி? மாடு உழவனுக்கு எப்படியோ, மிருதங்கம் மிருதங்கக்காரனுக்கு அப்படி. முகவீணை நனைந்து பிளந்தால் அவன் ஏர் ஒடிந்த மாதிரி. இதற்கு எந்தப் பத்தி?

பேரிடர் நிவாரண விதிகளில் கைவினைஞர்களுக்கு ஓர் இடம் உண்டு. கைத்தறிக்காரரும் கைவினைத் தொழிலாளியும் வெள்ளத்தில் தங்கள் கருவியை இழந்தால் உதவி கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. அந்த வரியில் இசைக்கருவியையும் வேஷப் பெட்டியையும் சேர்க்க எத்தனை எழுத்து செலவாகும்? ஒரு மந்திரி ஒரு பேனாவை எடுத்தால் போதும். எடுக்கவில்லை. காரணம், கூத்து ஒரு தொழில் என்று அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இரண்டு பருவம், இரண்டாயிரம் ரூபாய்

வெள்ளமாவது ஒரு வாரத்தில் வடிந்தது. கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் தைப் பொங்கல் கழிந்து ஆடி முடியத்தான் கூத்துப் பருவம். அதிலும் பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும்தான் தலையான மாதங்கள். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. வில் வளைப்பில் தொடங்கி, துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களபலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று நடந்து, படுகளமும் தீமிதியும் முடிகிறவரை ஜமாவுக்கு வேலை. அந்தச் சில மாத வரும்படியில்தான் வருஷக் கடன் அடைய வேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் துணி எடுக்க வேண்டும்.

2020 மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்தார்கள். பங்குனி பிறந்து பத்து நாள்! பருவம் வாசலில் நிற்கையில் கதவைச் சாத்தினார்கள். வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய கதி வந்தது. சரி, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று வயிற்றைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 2021 ஏப்ரல் 10 முதல் திருவிழாக்களுக்கு மறுபடியும் தடை. மே மாதம் முழு ஊரடங்கு. மறுபடியும் அதே பங்குனி, அதே சித்திரை.

உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்துக் கூவாகத்தில் கூத்தாண்டவர் விழா 2020இலும் நடக்கவில்லை, 2021இலும் நடக்கவில்லை. 2022இல்தான் மறுபடி நடந்தது. அந்த விழாவை நம்பி இருந்தவர்கள் கூத்துக்காரர்கள் மட்டுமா? பம்பைக்காரர், பறைக்காரர், மேடையில் ஆடிப் பாடும் திருநங்கையர், பந்தல் போடுகிறவர், ரேடியோ செட்டுக்காரர், பூக்கட்டுகிற பெண்கள், பலகாரக் கடைக்காரர் எல்லோரும்தான்.

நோய் பரவும்போது கூட்டத்தைத் தடுத்தது தவறென்று நாம் சொல்லவில்லை. அது மக்களின் உயிருக்காக. நாம் கேட்பது இதுதான்: எல்லோருடைய உயிருக்காகவும் ஒருவன் தன் தொழிலை நிறுத்தினான் என்றால், அவன் அடுப்பை எரியவிட வேண்டிய பொறுப்பு யாருடையது?

சர்க்கார் என்ன செய்தது? 2020இல் அரிசி கார்டுக்கு 1,000 ரூபாய் வந்தது. 2021இல் 4,000 வந்தது. அவை எல்லாக் குடும்பத்துக்கும் வந்தவை. தொழில் இழந்ததற்காக வந்தவை அல்ல. தொழில் என்ற பேரில், நலவாரியத்தில் பதிந்தவர்களுக்கு 2020இல் ஆயிரமும் ஆயிரமுமாக இரண்டு தவணை கொடுத்தார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பருவத்துக்கு 60 ராத்திரி என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ராத்திரிக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பருவத்துக்கு 30,000. இரண்டு பருவத்துக்கு 60,000. கிடைத்தது 2,000. அதாவது 120 ராத்திரி போயிற்று. 4 ராத்திரிக் கூலி வந்தது. இதை நிவாரணம் என்று சொல்வதற்கும் மனசு வேண்டும்!

அந்த 2,000மும் கார்டு உள்ளவனுக்குத்தான். நம்மிடம் வந்த ஜமாவில் 14 பேர். வாரியத்தில் பதிந்து, கார்டைப் புதுப்பித்து வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். மற்றவர்களில் சிலர் பதிந்ததே இல்லை; சிலருக்குக் காலாவதி. ஒருவருக்கு ஆதாரில் ஒரு பெயர், ரேஷன் கார்டில் இன்னொரு பெயர். நம்மவர்கள் ஓர் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்தார்கள். "நீங்கள் கலைஞர் என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டிருக்கிறார் அங்கிருந்தவர். வாத்தியார் அந்த இடத்திலேயே நின்று துரியோதனன் கொலுப் பாட்டைப் பாடியிருக்கிறார். "பாட்டெல்லாம் வேண்டாம், பேப்பர் கொண்டுவா" என்று பதில் வந்திருக்கிறது. நாற்பது வருஷம் ராஜா வேஷம் கட்டியவர் தலை குனிந்து திரும்பினார்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007இல் ஏற்பட்டது. நல்லதுதான். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம், மூக்குக் கண்ணாடி, விபத்து, மரணம், ஈமச்சடங்கு இவற்றுக்கெல்லாம் உதவி உண்டு. இந்தப் பட்டியலை மறுபடியும் படியுங்கள். பிறந்தால் உண்டு, செத்தால் உண்டு. நடுவிலே ஆடுகிற வேலை நின்று போனால்? அதற்கு ஒன்றும் இல்லை!

சப்பைக்கட்டுகள்

இதைக் கேட்டால் கனவான்கள் மூன்று பதில் வைத்திருக்கிறார்கள்.

முதலாவது: "கூத்து சாமி காரியம், பக்தித் தொண்டு, அதற்குப் போய்க் கூலிக் கணக்கா?" அப்படியா? கோயிலுக்கு மின்சாரம் கொடுத்தவன் பில் அனுப்பவில்லையா? பந்தலுக்கும் பட்டாசுக்கும் பணம் கொடுக்கவில்லையா? சாமி பேரைச் சொல்லி ஓசியில் வேலை வாங்குவது உழைப்பவனிடம் மட்டும்தான். பறை அடிக்கிற தோழர்களைக் கேளுங்கள், இன்னும் கசப்பாகச் சொல்வார்கள். காலமெல்லாம் அதைச் சாதிக் கடமை என்றார்கள். ஒரு படி நெல்லோடு முடித்தார்கள். கடமை என்று சொல்லிவிட்டால் கூலி இல்லை. கூலி இல்லையென்றால் தொழில் இல்லை. தொழில் இல்லையென்றால் நிவாரணமும் இல்லை. எவ்வளவு சாமர்த்தியமான கண்ணி பாருங்கள்!

இரண்டாவது: "அவர்களுக்குத்தான் வயல் வேலை இருக்கிறதே." இருக்கிறது. கூத்தில் வருவது போதாததால்தான் வயலுக்குப் போகிறான். இரண்டு இடத்தில் உழைப்பவனுக்கு இரண்டு இடத்திலும் உரிமை உண்டு என்பதுதான் நியாயம். இவர்களோ இரண்டு இடத்திலும் இல்லை என்கிறார்கள். இரண்டு ஆலை வைத்திருக்கும் முதலாளி ஒரு ஆலை நஷ்டத்துக்குச் சலுகை கேட்டால், "உனக்குத்தான் இன்னொரு ஆலை இருக்கிறதே" என்று எந்த மந்திரியாவது சொல்லியிருக்கிறாரா?

மூன்றாவது: "கூத்து எப்படியும் செத்துக்கொண்டிருக்கிற கலை, சினிமாவும் டெலிவிஷனும் வந்தாயிற்று." இதைச் சொல்கிறவர்கள் திரௌபதி அம்மன் திருவிழாவில் ஒரு ராத்திரி உட்கார்ந்து பார்த்ததில்லை. விடியும்வரை பாயை விரித்து உட்கார்ந்திருக்கும் ஜனங்களைக் கேட்டால் தெரியும், செத்தது எது என்று. தானாகச் சாகவில்லை, பட்டினி போட்டுக் கொல்கிறார்கள் என்பதுதான் உண்மை. 2020 நவம்பர் 10 அன்று தமிழ்நாட்டில் சினிமாக் கொட்டகைகள் திறந்தன. கொட்டகை முதலாளிகளுக்குச் சங்கம் இருக்கிறது, மந்திரி வீட்டு வாசல் தெரியும். மாரியம்மன் கோயில் திடலுக்கு முதலாளி இல்லை. அதனால் பேச ஆளில்லை.

அமெரிக்காவில் பணம் எந்த வாசலுக்குப் போயிற்று?

"சர்க்கார்களிடம் பணம் இல்லை, உலகம் பூராவும் இதே கதிதான்" என்றும் ஒரு பேச்சு உண்டு. இது பொய். முதலாளித்துவ நாடுகளின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

பிரிட்டிஷ் சர்க்கார் 2020 ஜூலையில் நாடகக் கொட்டகைகள், இசை மண்டபங்கள், மியூசியங்கள் முதலியவற்றுக்காக 157 கோடி பவுன் ஒதுக்கியது. அமெரிக்காவில் 2020 டிசம்பரில் ஒரு சட்டம் வந்தது. மூடிக் கிடக்கும் நாடக அரங்கு, இசை அரங்கு, சினிமாக் கொட்டகைகளுக்கென்று 1,600 கோடி டாலருக்கு மேல் மானியம். கடன் அல்ல, மானியம்! 2019இல் வந்த வசூலில் நூற்றுக்கு 45 பங்கு, ஒரு அரங்குக்கு உச்சவரம்பு 1 கோடி டாலர். 50 பேருக்கு மேற்படாத ஆட்களை வைத்து நடத்தும் சிறு அரங்குகளுக்கென்று 200 கோடி டாலர் தனியாக ஒதுக்கி வைத்தார்கள்.

அது சும்மா வந்ததல்ல. ஊர் ஊராகச் சிறு அரங்குகளை நடத்துகிறவர்கள் 2020இல் ஒரு சங்கம் வைத்து, நாடு பூராவும் கூச்சல் போட்டு வாங்கினார்கள். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சங்கம் வைத்தவன் பெற்றான். இது முதல் பாடம்.

ஆனால் மனுவில் என்ன கேட்டார்கள் தெரியுமா? வரிக் கணக்கு, வரவு செலவு, அரங்கத்தின் வரைபடம், சர்க்காரிடம் பதிந்த நம்பர். 2021 ஏப்ரல் 8 அன்று கம்ப்யூட்டரில் மனு வாங்கத் தொடங்கினார்கள். அன்றைக்கே அந்த ஏற்பாடு படுத்துவிட்டது. ஏப்ரல் 26 அன்றுதான் மறுபடி திறந்தார்கள். வல்லரசின் லட்சணம் அது! கணக்கப்பிள்ளையும் வக்கீலும் வைத்திருப்பவன் காத்திருந்து மனுவை நிரப்பினான். பணம் யார் பேருக்குப் போயிற்று? அரங்கத்தை நடத்துகிறவர் பேருக்கு. அதிலிருந்து தொழிலாளிக்குச் சம்பளமும் கொடுக்கலாம், வாடகையும் கட்டலாம் என்றது சட்டம். ஆடுகிறவனுக்கும் விளக்குப் பிடிக்கிறவனுக்கும் முதலில் கொடு என்று கட்டளையிடவில்லை. வசூலை அளந்தார்கள், உழைப்பை அளக்கவில்லை. இது இரண்டாவது பாடம்.

நாளை நம் நாட்டிலும் இப்படி ஒரு திட்டம் வரலாம். வந்தால், சுவரும் கூரையும் உள்ள மண்டபத்துக்காரனுக்குக் கிடைக்கும். கோயில் திடலுக்குச் சுவர் ஏது? அதன் வரைபடத்தை எந்த இன்ஜினீயர் போட்டுக் கொடுப்பார்? ஆகவே, "அரங்கத்துக்குக் கொடு" என்று மட்டும் கேட்டால் நாம் ஏமாந்து போவோம்.

பிரான்சில் மணியை எண்ணினார்கள்

வேறு வழி உண்டா? உண்டு. பிரான்சைப் பாருங்கள்.

அங்கே நடிகர், பாட்டுக்காரர், விளக்குக்காரர், திரை இழுப்பவர் போன்ற கலைத் தொழிலாளிகளுக்கு வேலையில்லாக் கால இன்ஷூரன்ஸ் உண்டு. 1936இலிருந்து வளர்ந்து வந்த ஏற்பாடு அது. இன்று ஒரு கொட்டகை, நாளை வேறு கொட்டகை என்று அலைகிறவர்கள் என்பதால், ஒரே முதலாளியிடம் வேலை செய்தாயா என்று கேட்பதில்லை. 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்தாயா என்றுதான் கேட்கிறார்கள். செய்திருந்தால் வேலையில்லாத நாளுக்குப் பணம் உண்டு.

இதைப் பறிக்க முதலாளிகள் எத்தனையோ தடவை பார்த்தார்கள். 2003இல் கலைத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, உலகப் புகழ்பெற்ற அவின்யோன் நாடக விழாவையே நிறுத்திக் காட்டினார்கள். கொரோனா வந்தது, கொட்டகை மூடியது, மணியை எப்படிச் சேர்ப்பது? 2020 மே மாதத்தில் ஜனாதிபதி மக்ரோன் இறங்கி வந்தார். 2021 ஆகஸ்டு முடிய, மணி சேராவிட்டாலும் உரிமை தொடரும் என்று அறிவித்தார். அதுவும் போதாது என்று 2021 மார்ச் 4 அன்று பாரீஸின் ஒதெயோன் நாடகக் கொட்டகைக்குள் தொழிலாளிகள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். அங்கே பற்றிய தீ மற்ற ஊர்க் கொட்டகைகளுக்கும் பரவியது. உரிமைக் காலம் அந்த வருஷக் கடைசிவரை நீண்டது.

கொட்டகைக்காரனின் வசூலை எண்ணாமல் தொழிலாளியின் மணியை எண்ணினால், பணம் தொழிலாளியின் கைக்கு வருகிறது. இது மூன்றாவது பாடம்.

கடல் கடந்து போக வேண்டாம்

இதற்குப் பிரான்சுக்குப் போகவேண்டும் என்பதில்லை. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் தொழிலாளிகளைக் கேளுங்கள். அரவைக் காலம் முடிந்து ஆலை நின்றால் பருவகாலத் தொழிலாளியைத் தெருவில் விட முடியாது. நின்ற காலத்துக்கும் ஒரு படி உண்டு. அதை எந்த முதலாளியும் தருமமாகக் கொடுக்கவில்லை. சர்க்கரைத் தொழிலாளிகள் சங்கம் வைத்து, சம்பள போர்டில் வாதாடி நிலைநாட்டிய உரிமை அது.

கடற்கரைக்குப் போனால், மீன்பிடித் தடைக் காலமான 61 நாளுக்கு மீனவக் குடும்பத்துக்கு நிவாரணம் உண்டு. மழைக்காலத்தில் சூளை எரியாது என்பதால் மண்பாண்டத் தொழிலாளிக்கு 5,000 ரூபாய் உண்டு. ஆக, பருவத் தொழில் என்றால் என்னவென்று சர்க்காருக்கு நன்றாகவே தெரியும். கூத்தும் பருவத் தொழில்தானே? ஆடி கழிந்தால் தை வரை சலங்கை பெட்டிக்குள் கிடக்கிறதே!

போலீசுக்குத் தெரிந்தது ஏன் மந்திரிக்குத் தெரியவில்லை?

"கூத்துக்காரர்களைப் பற்றி எங்களிடம் விவரம் இல்லை, அத்தாட்சி இல்லாமல் எப்படிக் கொடுப்பது?" என்று கேட்கிறார்கள். இங்கேதான் அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அடக்க வேண்டும் என்றால் சர்க்காருக்கு மேடை நன்றாகத் தெரிகிறது. 1876இல் வெள்ளைக்காரன் நாடகச் சட்டம் போட்டான். தேசப் பாட்டுப் பாடியதற்காகப் பலமுறை சிறைக்குப் போன விசுவநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று மேடையிலேயே உயிர் விட்டார். வெள்ளைக்காரன் போனான், 1954இல் சென்னை ராஜ்ய சர்க்கார் தன் பங்குக்கு ஒரு நாடகச் சட்டம் போட்டது. அதை ஐகோர்ட் செல்லாது என்று 2013இல் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. 1876ஆம் வருஷத்துச் சட்டத்தை 2018இல்தான் ரத்து செய்தார்கள். சுதந்திரம் வந்து எழுபது வருஷம் கழித்து!

இன்றைக்கும் ஊரில் கூத்து வைத்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கு மனு எழுத வேண்டும். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த ஜமா, பொறுப்பாளர் யார் என்று எல்லாம் கேட்கிறார்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருஷத்து விதி இருக்கிறது. கூத்து களை கட்டுவதே 10 மணிக்கு! விதியைக் காட்டி ஜீப் வருகிறது. கட்டியக்காரன் திரைக்கு வெளியே வருமுன் ஏட்டய்யா வந்துவிடுகிறார்.

அப்படியானால் விவரம் இல்லை என்பது பச்சைப் பொய்யல்லவா? சர்க்காரின் ஒரு கை, அனுமதி மனு என்ற பேரில் ஒவ்வொரு ராத்திரியையும் எழுதி வைத்திருக்கிறது. மறு கை, நிவாரணம் என்று வரும்போது "நீ யார்?" என்று கேட்கிறது. தடுப்பதற்குத் தெரிந்த முகவரி கொடுப்பதற்கு மட்டும் தெரியாதா?

அந்த அனுமதித் தாளே நமது அத்தாட்சி! அதைத்தான் நாம் ஆயுதமாக்க வேண்டும்.

மலையிலே

கல்வராயன் மலைக்கு ஏறினால் நிலைமை இன்னும் மோசம். 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் கிடந்தது. வரி கொடுத்தும் வெட்டி உழைத்தும் முதுகு கூனிய மலையாளி மக்களுக்கு அப்போதும் ஆட்டமும் பாட்டும்தான் துணை. இன்றும் சேர்வையாட்டம் அங்கே உயிரோடு இருக்கிறது. கீழ்நாட்டு ஜமாக்களும் பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு மலைக்கு ஏறிப் போய் ஆடி வந்திருக்கின்றன.

மலையில் ஆடுகிறவன் எங்கே மனுப் போடுவான்? எல்லாம் கம்ப்யூட்டரில் என்கிறார்கள். செல்போனுக்கு நம்பர் வரும், அதைச் சொல்லு என்கிறார்கள். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போனால் சிக்னலே எட்டாத ஊர்கள் உண்டு. ஒரு நாள் கூலியை விட்டு, பஸ்ஸுக்குக் காசு கொடுத்து இறங்கி வந்தால், "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்கிறார்கள். நாளைக்கு வருவதற்கு இன்னொரு நாள் கூலி போகிறது. அவனுக்கு வரவேண்டிய நிவாரணத்தை அவனே முன்கூட்டிச் செலவழிக்கிறான்! சர்க்கார் மலைக்குப் போக வேண்டும். மலை சர்க்காரைத் தேடி இறங்கி வரக் கூடாது.

நம்மையும் சொல்ல வேண்டும்

சர்க்காரை மட்டும் ஏசிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது. நமது மாநாட்டு ஊர்வலத்துக்கு முன்னால் பறை வேண்டும். பொதுக்கூட்டத்துக்குக் கூட்டம் சேர்க்கப் பாட்டு வேண்டும். கூப்பிட்டோம், வந்தார்கள், அடித்தார்கள், பாடினார்கள். ஒரு துண்டைப் போர்த்தி, டீ கொடுத்து அனுப்பினோம். அவர்களை விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் சேர்த்தோம். ஆனால் கலைத் தொழிலாளி என்ற முறையில் அவர்களுடைய கோரிக்கையை எழுதினோமா? அந்த நான்கு பேர் வருகிறவரை நாமும் எழுதவில்லை. இது நமது தவறு. திருத்திக்கொள்வோம்.

மனுவை எப்படித் தயார் செய்வது?

ஆகவே அன்று பேனாவை மறுபடி எடுத்தோம். பத்தி இல்லையென்றால் நாமே பத்தி போடுவது என்று தீர்மானித்தோம். ஒவ்வொரு ஜமாவும், பறைக் குழுவும், பம்பைக் குழுவும் கீழ்க்கண்டபடி இன்றே தொடங்க வேண்டும்.

ஒன்று: ராத்திரிக் கணக்கு நோட்டு. 40 பக்க நோட்டுப் போதும். தேதி, ஊர், கோயில், என்ன கூத்து, எத்தனை பேர் ஆடினார்கள், பேசிய தொகை, கைக்கு வந்த தொகை. ஒவ்வொரு ராத்திரிக்கும் விழாக் குழுவில் ஒருவர் கையெழுத்து. நின்று போன ராத்திரியையும் எழுதுங்கள்; ஏன் நின்றது என்று எழுதுங்கள். இழப்பு என்பது அந்த வரிதான்.

இரண்டு: பேர் பட்டியல். வேஷக்காரர் மட்டுமல்ல. பின்பாட்டு, முகவீணை, ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், பெட்டி தூக்குகிறவர், திரை பிடிக்கிறவர் எல்லோரும். ஒருவரை விட்டாலும் நாம் அமெரிக்கக்காரன் செய்ததையே செய்தவர்களாவோம்.

மூன்று: தாள்களைச் சேர்த்து வையுங்கள். போலீஸ் அனுமதியின் நகல், திருவிழா நோட்டீஸ், அச்சாரச் சீட்டு. நோட்டீசில் "தெருக்கூத்து நடைபெறும்" என்று மட்டும் அச்சடிக்க விடாதீர்கள். ஜமாவின் பேரும் ஊரும் போடச் சொல்லுங்கள்.

நான்கு: சாமான் ஜாபிதா. கிரீடம் எத்தனை, புஜக்கட்டை எத்தனை, வாத்தியம் என்னென்ன, வாங்கிய விலை என்ன. போட்டோ எடுத்து வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு எடுக்க முடியாது.

ஐந்து: வாரியக் கார்டு இல்லாதவர் பதிய வேண்டும், இருப்பவர் புதுப்பிக்க வேண்டும். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பேங்க் புத்தகத்திலும் பேர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கும் தரகனை வாசலில் ஏற்றாதீர்கள். தனியாகப் போகாதீர்கள், ஜமாவாகப் போங்கள், சங்கத்தோடு போங்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த ஆலைத் தொழிலாளத் தோழர்களே! உங்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர் ஜமாவின் நோட்டை நீங்கள் எழுதிக் கொடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம், வாரத்தில் அரை மணி போதும்.

நாம் கேட்பது

1. தெருக்கூத்து, பறை, பம்பை முதலான ஆட்டக் கலைகளைப் பருவத் தொழில் என்று அறிவி! பருவம் இல்லாத மாதங்களுக்கு ஆண்டுதோறும் நிவாரணம் கொடு!

2. சர்க்கார் உத்தரவால் விழா நின்றால், நின்ற ராத்திரிகளை எண்ணிக் கூலி இழப்பைக் கொடு! ஒவ்வொரு ஆளின் கணக்கிலும் நேராகப் போடு!

3. வெள்ள நிவாரணப் பட்டியலில் வாத்தியத்துக்கும் வேஷப் பெட்டிக்கும் ஒரு வரி எழுது!

4. அனுமதித் தாளையும் விழா நோட்டீசையும் அத்தாட்சியாக ஏற்றுக்கொள்! கார்டு இல்லை என்று துரத்தாதே!

5. கல்வராயன் மலையில் ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிவு செய்!

அந்த ஜமாவின் மனுவில் 14 பேரும் கையெழுத்துப் போட்டார்கள்; கை நாட்டு வைத்தவர்கள் நான்கு பேர். வாத்தியார் கடைசியாகப் போட்டார். "இந்த மனுவுக்குப் பணம் வருமா, தோழர்?" என்று கேட்டார். உடனே வரும் என்று நாம் பொய் சொல்லவில்லை. ஒரு ஜமா கொடுத்தால் அது மனு. குப்பைக் கூடைக்குப் போகலாம். மாவட்டத்தில் உள்ள எல்லா ஜமாக்களும் நோட்டும் கையுமாகக் கலெக்டர் ஆபீசுக்கு நடந்தால் அது கணக்கு; பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றோம்.

"அப்படின்னா பக்கத்து ஊர் ஜமாவுக்கு நான் போய்ச் சொல்றேன்" என்று எழுந்து போனார் வாத்தியார்.

நீங்களும் போய்ச் சொல்லுங்கள், தோழர்களே! அடுத்த பங்குனிக்குள் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நோட்டு! ராத்திரிகளை எண்ணுவோம்! எண்ணியதைக் கேட்போம்! கேட்டதை வாங்குவோம்!